டான்சில் எடுத்தாச்சு... ஆனாலும் தொண்டை வலிக்குதே, ஏன்? எது சாதாரணம், எதில் அலட்சியம் கூடாது?

"டான்சிலை எடுத்துட்டா அதோட தொண்டைப் பிரச்சினையே முடிஞ்சிடும்." பெரியவர்களில் பலரும் இந்த நம்பிக்கையோடுதான் ஆபரேஷனுக்குச் சம்மதிக்கிறார்கள். ஆனால் சிலருக்கு சில மாதங்கள் கழித்தும் எச்சில் விழுங்கினால் வலி, தொண்டையில் ஏதோ ஒட்டியிருப்பது போன்ற உணர்வு, காதுவரை இழுக்கும் குத்தல், நாக்கில் மாறிப்போன ருசி என ஏதாவது ஒன்று தொடர்கிறது. 'ஆபரேஷன் சரியா பண்ணலையோ' என்ற சந்தேகம் ஒரு பக்கம். 'ஆபரேஷன் பண்ணா இப்படித்தான் இருக்கும்' என்ற அலட்சியம் இன்னொரு பக்கம். இந்த இரண்டுமே சிக்கலில் கொண்டுபோய் விடலாம். எது தானாக ஆறும், எதற்கு டாக்டரைப் பார்க்க வேண்டும்?

டான்சில் வேறு, உள்நாக்கு வேறு

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். வாயைத் திறந்தால் நடுவில் தொங்குவது உள்நாக்கு. அதற்கு இரு பக்கமும், நாக்கின் அடிப்பகுதியை ஒட்டி, பள்ளத்தில் உட்கார்ந்திருக்கும் இரண்டு சதைத் திரட்சிகள்தான் டான்சில்கள். பேச்சுவழக்கில் டான்சில் வீக்கத்தையும் 'உள்நாக்கு வளர்ந்திருக்கு' என்றே பலர் சொல்கிறார்கள்.

தொண்டையில் இருப்பது இந்த இரண்டு டான்சில்கள் மட்டுமல்ல. மூக்கின் பின்பக்கம் அடினாய்டு, நாக்கின் அடியில் நாக்கு டான்சில், காதுக்குழாய் திறக்கும் இடத்தில் சிறிய திரட்சிகள் என ஒரு வளையமாகவே நோய் எதிர்ப்புத் திசு அமைந்திருக்கிறது. ஜெர்மனி உடற்கூறியல் அறிஞர் வால்டேயர் பெயரில் இது 'வால்டேயர் வளையம்' எனப்படுகிறது. ஆபரேஷனில் எடுப்பது இந்த வளையத்தின் இரண்டு துண்டுகளை மட்டுமே. மீதித் திசு அப்படியே இருக்கிறது. தொண்டையின் உள்சவ்வும் இருக்கிறது. ஜலதோஷ வைரஸ் வந்தால் அந்தச் சவ்வு வீங்கத்தான் செய்யும். எனவே டான்சில் எடுத்தவருக்கு 'டான்சில் அழற்சி' வராது என்று சொல்லலாம். தொண்டை வலியே வராது என்று சொல்ல முடியாது.

முதல் 2 வாரங்கள்: எதெல்லாம் இயல்பு?

குழந்தைகள் ஒரு வாரத்தில் ஓடியாடத் தொடங்கிவிடுவார்கள். பெரியவர்களுக்கு வலி அதிகம், ஆறுவதற்கும் நாளாகும். பொதுவாக 10 முதல் 14 நாட்கள் பிடிக்கும். முதல் இரண்டு நாள் பரவாயில்லை என்றிருந்து, அதன் பிறகு வலி கூடுவதும் உண்டு. இதைப் பார்த்துப் பலர் பயந்துவிடுகிறார்கள்.

* டான்சில் இருந்த இடத்தில் வெள்ளையாகவோ மஞ்சளாகவோ படலம் தெரியும். அது சீழ் அல்ல. புண் ஆறும்போது உருவாகும் பொருக்கு. சுரண்டக் கூடாது.
* காது வலிக்கும். காதில் கோளாறு இல்லை. டான்சில் பகுதிக்கும் காதின் உட்பகுதிக்கும் ஒரே நரம்பின் கிளைகள் போவதால், தொண்டையின் வலியை மூளை காதின் வலியாகவும் உணர்கிறது.
* வாய் நாற்றம், உள்நாக்கு வீக்கம், குரலில் சிறு மாற்றம் ஆகியவையும் வரும், போகும்.

வலிக்கிறதே என்று சாப்பிடாமல், தண்ணீர் குடிக்காமல் இருப்பதுதான் பெரிய தவறு. தொண்டை காய்ந்தால் வலி இன்னும் கூடும். கஞ்சி, மோர், தயிர் சாதம், ஆறிய இட்லி என்று விழுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். 'சில்லுனு சாப்பிட்டா சளி பிடிக்கும்' என்று வீட்டில் தடுத்தாலும், ஐஸ்கிரீம் இந்த நேரத்தில் இதமாகவே இருக்கும். காரக்குழம்பு, ஊறுகாய், முறுக்கு கொஞ்ச நாள் வேண்டாம். வலி மாத்திரையை டாக்டர் சொன்ன நேரத்தில் போட வேண்டும். தானாக ஆஸ்பிரின் வாங்கிப் போடக் கூடாது, அது ரத்தக்கசிவைக் கூட்டும்.

20 கிலோமீட்டர் கணக்கு

ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பிய பிறகு வரக்கூடிய உண்மையான ஆபத்து ரத்தக்கசிவு. முதல் 24 மணி நேரத்தில் வந்தால் பெரும்பாலும் நோயாளி மருத்துவமனையிலேயே இருப்பார். ஆனால் பொருக்கு உதிரும் 5 முதல் 10-வது நாளுக்குள் வருவது, 'இனி ஒண்ணும் இல்ல' என்று நினைக்கும் சமயத்தில் வருகிறது.

திருவண்ணாமலை - செஞ்சி சாலையில் இருக்கும் கீழ்பென்னாத்தூரையே எடுத்துக்கொள்வோம். திருவண்ணாமலை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போக ஏறக்குறைய 20 கிலோமீட்டர். சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து என்றால் இன்னும் கூடுதல். இரவு 2 மணிக்கு எச்சிலில் ரத்தம் வந்தால் வண்டி யார் எடுப்பது, எந்த ஆஸ்பத்திரியில் அந்த நேரத்தில் காது மூக்கு தொண்டை டாக்டரும் ஆபரேஷன் தியேட்டரும் இருக்கும்? இந்தக் கேள்விகளுக்கான பதிலை ஆபரேஷனுக்கு முன்பே தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளியூரில் ஆபரேஷன் செய்துகொண்டு ஊர் திரும்புபவர்களுக்கு இது இன்னும் முக்கியம்.

ரத்தம் வந்தால் நிமிர்ந்து உட்கார்ந்து, லேசாக முன்னால் சாய்ந்து, ரத்தத்தை விழுங்காமல் துப்ப வேண்டும். படுக்கக் கூடாது. கொஞ்சமாக வந்து நின்றுவிட்டாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். சிறு கசிவு பெரிய ரத்தப்போக்குக்கு முன்னறிவிப்பாக இருக்கலாம். நிற்காமல் வந்தால் தாமதிக்காமல் 108-ஐ அழையுங்கள்.

இதே காரணத்தால்தான் முதல் 2 வாரங்களுக்கு மூட்டை தூக்குவது, கடுமையான வயல் வேலை, உடற்பயிற்சி வேண்டாம் என்கிறார்கள். பௌர்ணமி வருகிறதே என்று 14 கிலோமீட்டர் கிரிவலம் கிளம்புவதையும் அடுத்த மாதத்துக்குத் தள்ளிப்போடலாம்.

மாதக்கணக்கில் தொடர்ந்தால் என்ன காரணம்?

புண் முழுமையாக ஆறிய பிறகும் தொல்லை தொடர்ந்தால், டாக்டர்கள் வழக்கமாகத் தேடும் காரணங்கள் இவை:

1. மிச்சமிருக்கும் திசு: டான்சிலின் சிறு துண்டு தங்கி, மறுபடி வளர்ந்து வீங்கலாம். நாக்கின் அடியில் உள்ள டான்சில் பெருத்தாலும் விழுங்கும்போது உறுத்தும். இது கண்ணாடி முன் வாயைத் திறந்து பார்த்தால் தெரியாது. மூக்கு வழியாக மெல்லிய எண்டோஸ்கோப்பி குழாயை விட்டுத்தான் பார்க்க முடியும்.

2. வயிற்று அமிலம்: இரைப்பை அமிலம் தொண்டைவரை ஏறி வந்தால் நெஞ்செரிச்சலே இல்லாமல்கூட தொண்டை எரிச்சல், அடிக்கடி செருமல், காலையில் கரகரப்பு வரும். ராத்திரி 10 மணிக்கு மேல் வயிறு முட்டச் சாப்பிட்டு உடனே படுப்பவர்கள் இதை முதலில் சந்தேகிக்கலாம். சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் 2, 3 மணி நேர இடைவெளி விட்டாலே சிலருக்குக் குறைந்துவிடும்.

3. மூக்கிலிருந்து இறங்கும் சளி: அலர்ஜி, சைனஸ் உள்ளவர்களுக்கு மூக்குச்சளி பின்பக்கமாக வடிந்து தொண்டையை அரித்துக்கொண்டே இருக்கும். மூக்கடைப்பால் வாயால் மூச்சுவிட்டுத் தூங்கினாலும் காலையில் தொண்டை வறண்டு வலிக்கும். வைத்தியம் செய்ய வேண்டிய இடம் மூக்கு.

4. 'ஏதோ அடைச்ச மாதிரி இருக்கு': எச்சில் விழுங்கும்போது உருண்டை போலத் தெரியும், சோறு சாப்பிடும்போது தெரியாது. இந்த உணர்வுக்கு அமிலம், தொண்டைத் தசைகளின் இறுக்கம், மனப்பதற்றம் எனப் பல காரணங்கள் உண்டு. திரும்பத் திரும்பச் செருமினால் கூடவே செய்யும். ஆனால் சோறே இறங்க மறுத்தால் அது வேறு பிரச்சினை. உடனே பரிசோதனை தேவை.

5. ருசி மாற்றம்: நாக்கின் பின்பகுதிக்கு ருசி தரும் நரம்பு டான்சில் படுக்கையை ஒட்டியே ஓடுகிறது. ஆபரேஷனின்போது நாக்கை அழுத்திப் பிடிக்கும் கருவியாலும் நாக்கு நசுங்கலாம். வாயில் கசப்பு, உலோக ருசி, ருசியே இல்லாமை என்று தெரியும். பெரும்பாலானோருக்குச் சில மாதங்களில் சரியாகிவிடும், சிலருக்கு மட்டும் நீடிக்கும்.

6. நீண்ட எலும்பு: காதுக்குக் கீழே மண்டையோட்டிலிருந்து ஊசிபோல ஸ்டைலாய்டு என்ற எலும்பு இறங்குகிறது. சிலருக்கு இது வழக்கத்தைவிட நீளம். டான்சில் எடுத்த பிறகு இதனால் ஒரு பக்கத் தொண்டை வலி, காதுக் குத்தல், தலையைத் திருப்பினால் வலி வருவதை அமெரிக்க மருத்துவர் வாட் ஈகிள் 1937-ல் விவரித்தார். அவர் பெயரிலேயே 'ஈகிள் நோய்க்குறி' என்கிறார்கள். டான்சில் இருந்த பள்ளத்தில் டாக்டர் விரலால் அழுத்திப் பார்ப்பார். தேவைப்பட்டால் எக்ஸ்ரே, சி.டி. ஸ்கேன் எடுப்பார். அரிதுதான். ஆனால் வருடக்கணக்கில் பல் டாக்டர், காது டாக்டர் என்று அலைபவர்களில் சிலருக்கு விடை இதுவாக இருக்கிறது.

7. மூக்கு வழியாகத் தண்ணீர்: குடித்த தண்ணீர் மூக்கில் ஏறுவது, பேச்சு மூக்கால் வருவது ஆகியவை மேலண்ணம் சரியாக மூடாததால் வருபவை. பெரும்பாலும் சில வாரங்களில் போய்விடும். தொடர்ந்தால் பேச்சுப் பயிற்சி உதவும்.

இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்

'ஆபரேஷன் பண்ண தொண்டைதானே, அப்படித்தான் வலிக்கும்' என்று நாட்களை ஓட்டுவதில் இருக்கும் உண்மையான ஆபத்து, புற்றுநோயைத் தவறவிடுவது. டான்சில் எடுத்தவருக்கும் நாக்கின் அடியிலோ, தொண்டைச் சுவரிலோ, குரல்வளையிலோ புற்றுநோய் வரலாம். புகையிலை, குட்கா, பாக்கு, பீடி, சிகரெட், மது பழக்கம் உள்ளவர்களுக்கு வாய்ப்பு அதிகம். இந்தப் பழக்கங்கள் இல்லாதவர்களுக்கும் எச்.பி.வி. வைரஸால் வருவதுண்டு.

கீழ்க்கண்டவற்றில் ஏதாவது ஒன்று 3 வாரங்களுக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை நிபுணரைப் பார்க்க வேண்டும்:

* ஒரே பக்கமாகத் தொண்டை வலி அல்லது காது வலி
* கழுத்தில் வலியில்லாத கட்டி
* குரல் கரகரப்பு
* விழுங்குவதில் சிரமம்
* எச்சிலில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவது (இவை இருந்தால் 3 வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம்)

ஒரு டான்சில் மட்டும் பெரிதாக இருந்ததால் ஆபரேஷன் செய்திருந்தால், எடுத்த சதையைப் பரிசோதனைக்கு அனுப்பினார்களா, அதன் முடிவு என்ன என்று கேட்டு அந்தத் தாளைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

மெடிக்கல் ஷாப்பில் 'தொண்டைக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க' என்று ஆன்டிபயாட்டிக் வாங்கிச் சாப்பிடுவது எந்த வகையிலும் உதவாது. பெரும்பாலான தொண்டை வலி வைரஸால் வருவது. அமிலத்துக்கோ, அலர்ஜிக்கோ, எலும்புக்கோ ஆன்டிபயாட்டிக் மருந்தல்ல.

அப்படியானால் ஆபரேஷன் வீணா?

இல்லை. இங்கிலாந்து உள்ளிட்ட பிரிட்டன் பகுதிகளின் 27 மருத்துவமனைகளில், அடிக்கடி டான்சில் அழற்சி வந்த 453 பெரியவர்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. 'நாட்டினா' என்ற அந்த ஆய்வின் முடிவு 2023-ல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியானது. ஒரு பிரிவினருக்கு உடனே ஆபரேஷன், மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை. 2 ஆண்டுகளில் தொண்டை வலி இருந்த நாட்களின் இடைநிலை எண்ணிக்கை ஆபரேஷன் பிரிவில் 23, மற்ற பிரிவில் 30.

இந்த எண்கள் இரண்டு விஷயங்களைச் சொல்கின்றன. ஆபரேஷனால் பலன் உண்டு. அதே சமயம், ஆபரேஷன் செய்தவர்களுக்கும் வலி பூஜ்ஜியமாகவில்லை. ஆபரேஷன் பிரிவில் ஏறத்தாழ 5-ல் ஒருவர் ரத்தக்கசிவு ஏற்பட்டதாகத் தெரிவித்தார்கள். உயிரிழப்பு எதுவும் இல்லை.

யாருக்கு ஆபரேஷன் தேவை என்பதற்கு டாக்டர்கள் பரவலாகப் பின்பற்றும் ஒரு கணக்கு உண்டு. ஒரே ஆண்டில் 7 முறை, அல்லது தொடர்ந்து 2 ஆண்டுகள் ஆண்டுக்கு 5 முறை, அல்லது தொடர்ந்து 3 ஆண்டுகள் ஆண்டுக்கு 3 முறை கடுமையான தொற்று வந்திருந்தால் ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம். டான்சிலைச் சுற்றிச் சீழ் கட்டுவது, டான்சில் பெருத்துத் தூக்கத்தில் மூச்சடைப்பது, புற்றுநோய்ச் சந்தேகம் ஆகியவை தனிக் காரணங்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

* என் தொண்டை வலிக்கு டான்சில்தான் காரணமா? அமிலம், அலர்ஜி இல்லை என்று பார்த்தாச்சா?
* எத்தனை நாள் வேலைக்குப் போக முடியாது?
* ரத்தம் வந்தால் எந்த எண்ணுக்கு அழைப்பது, இரவில் எங்கே வருவது?
* ஏற்கெனவே ஆபரேஷன் செய்தவர் என்றால்: எண்டோஸ்கோப்பியில் நாக்கின் அடிப்பகுதியைப் பார்த்தீர்களா?

டாக்டரிடம் போகும்போது, வலி எந்தப் பக்கம், எந்த நேரத்தில், என்ன சாப்பிட்டால் கூடுகிறது என்று ஒரு வாரத்துக்கு எழுதி எடுத்துப்போங்கள். பழைய டிஸ்சார்ஜ் சம்மரியும் கையில் இருக்கட்டும். காரணத்தைக் கண்டுபிடிக்க டாக்டருக்கு அது பெரிதும் உதவும்.