டாட்மூர் மேட்டுநிலத்துக் கல்மதகுகள்

இருப்புப்பாதையின் சிறப்பைக் கூறுவோர் பெரும்பாலும் அதன் பாலங்களையும் சுரங்கங்களையுமே எடுத்துக்காட்டுவர். ஆயின் மழை மிகுந்த மேட்டுநிலத்தில் அமைந்த பாதையொன்றின் ஆயுள், மண்கரைக்கு அடியில் மறைந்து கிடக்கும் மதகுகளையும் பாதையோர வடிகால்களையுமே பெரிதும் சார்ந்துள்ளது. தென்மேற்கு இங்கிலாந்தின் டெவன் பகுதியிலுள்ள பிறின்ஸ்ரவுண் இருப்புப்பாதை இதற்குத் தக்க சான்றாகும்.

டாட்மூர் என்பது கருங்கற் பாறைகள் நிறைந்த, மரஞ்செறியாத, விரிந்த மேட்டுநிலம். அதனைப் பயன்தரு நிலமாக்க விரும்பிய சேர் தோமஸ் டிறிற் என்பாரின் முயற்சியால், 1823 ஆம் ஆண்டிலே பிளிமத் துறைமுகத்தையும் டாட்மூரையும் இணைக்கும் பாதையொன்று திறக்கப்பட்டது. அதிற் குதிரைகளே வண்டிகளை இழுத்தன. கீழ்நோக்கிக் கருங்கல்லே முதன்மையாகக் கொண்டுசெல்லப்பட்டது. அதன் தண்டவாளங்களைத் தாங்கிய, துளையிடப்பட்ட கருங்கற் கட்டைகள் சில இடங்களில் இன்றும் நிலத்திற் பதிந்து கிடக்கின்றன. அப்பழைய தடத்தைப் பெருமளவு தழுவியே, நீராவிப் புகைவண்டிக்குரிய பிறின்ஸ்ரவுண் பாதை 1883 ஆம் ஆண்டிலே திறக்கப்பட்டது. பத்தரை மைல் நீளமான அப்பாதையின் இறுதி நிலையம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,370 அடி உயரத்தில் இருந்தது.

இவ்வுயரத்தை அடைதற்குப் பாதை மலைச்சரிவுகளை வளைந்து வளைந்து சுற்றி ஏறவேண்டியதாயிற்று. அதனாலே சரிவின் வழியே இறங்கும் நீரோட்டங்கள் பலவற்றை அது குறுக்கே கடந்தது. பிறின்ஸ்ரவுணில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 2,000 மில்லிமீற்றர் மழை பெய்கின்றது. முற்றா நிலக்கரி எனப்படும் மட்கிய தாவரப்படை அந்நிலத்தைப் பரவலாக மூடியுள்ளது. அப்படை நீரை நிறைய உறிஞ்சி வைத்திருக்கும் இயல்பினது. ஆயின் நிறைந்துவிட்ட பின்னர்ப் பெய்யும் மழை உள்ளிறங்காது மேற்பரப்பிலே ஓடும். இத்தகைய சரிவின் குறுக்கே ஒரு மண்கரையை எழுப்புவது அணைக்கட்டு ஒன்றை எழுப்புவதற்கு ஒப்பாகும். நீருக்கு வழிவிடாத கரை நீரினாலேயே அழியும்.

அவ்வழியை அமைக்கும் முறை எளியதாயினும் நுட்பமானது. பாதையின் மேற்பக்கத்தே தோண்டப்படும் வடிகால், சரிவிலிருந்து வரும் நீரைத் தடுத்துச் சேர்த்து மதகின் வாயிலுக்குச் செலுத்தும். சிறிய மதகாயின் இருபுறமும் கற்சுவர் எழுப்பி, அவற்றின்மீது கற்பலகைகளை வைத்து மூடுவர். நீர் அடித்தளத்தை அரியாதிருக்க அங்கும் கல் பரப்புவர். கருங்கல் அமுக்கத்தை மிக நன்றாகத் தாங்கும். வளைவினால் எழும் இழுவிசையைத் தாங்கும் ஆற்றல் அதற்குக் குறைவு. ஆதலின் கற்பலகையின் அகலத்துக்கு ஓர் எல்லையுண்டு. ஓடை அகன்றதாயின், கற்கள் ஒன்றையொன்று நெருக்கி நிற்கும் வில்வளைவே ஏற்றது. வாயிலின் இருமருங்கும் விரிந்து நிற்கும் சிறகுச் சுவர்கள் கரைமண் சரிந்து வழியை அடைக்காதவாறு காக்கும். இவற்றிற்கு வேண்டிய கல்லைத் தொலைவிலிருந்து கொணர வேண்டியதில்லை. பாதையை அடுத்தே கற்சுரங்கங்கள் இருந்தன.

1956 ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் இப்பாதை மூடப்பட்டது. பின்னர்த் தண்டவாளங்களும் கழற்றப்பட்டன. புகைவண்டி நின்றுபோயினும் மழை நிற்கவில்லை. ஆளற்ற கரைகளின் அடியிலே கல்மதகுகள் தம் தொழிலைத் தொடர்ந்து செய்துவருகின்றன. இன்று அத்தடத்தின் பெரும்பகுதியில் நடப்போரும் துவிச்சக்கரவண்டியிற் செல்வோரும் பயணஞ் செய்கின்றனர். சுவெல்ற்றோர் கற்சுரங்கத்தின் அருகே, இலண்டன் பாலத்தை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகலப்படுத்துவதற்கெனச் செதுக்கப்பட்டு, எடுத்துச் செல்லப்படாத 12 தாங்குகற்கள் கிடக்கின்றன. அவற்றைக் காண வருவோர் பலர்; அவர்களைச் சுமக்கும் கரையைக் காக்கும் மதகுகளைக் குனிந்து நோக்குவோர் சிலரே.

இப்புறக்கணிப்பு தீங்கற்றதன்று. புகைவண்டி ஓடிய காலத்தில், பாதையைக் காக்கும் தொழிலாளர் வடிகால்களிற் சேர்ந்த மண்ணையும் புல்லையும் அகற்றி வந்தனர். அத்தொழில் நின்றபின் மதகின் வாயில் தூர்ந்துபோகக்கூடும். தூர்ந்தால் நீர் கரையின் மேற்பக்கத்தே தேங்கும். மெல்லக் கசிந்து நுண்மண்ணை அரித்துச் செல்லும். ஈரமேறிய கரை ஒருநாட் பெருமழையில் இடிந்து சரியும். மதகின் கல் ஒரு நூற்றாண்டுக்கு மேலாகச் சிதையாது நின்றிருப்பினும், வாயிலை அடைக்கும் சிறு மண்குவியல் அதன் பயனை இல்லாமற் செய்துவிடும்.

ஆதலின் பழைய இருப்புப்பாதைகளைப் பேண விழைவோர் கண்ணுக்குத் தோன்றும் சின்னங்களோடு அமைதல் போதாது. எத்தனை மதகுகள் உள்ளன, அவை எங்கெங்கே அமைந்துள்ளன, எவற்றில் நீர் தடையின்றி ஓடுகின்றது என்பவற்றைக் கணக்கிட்டு, மாரிக்கு முன்னரே தூர் அகற்றுதல் வேண்டும். மண்வெட்டியொன்றும் ஒருநாள் உழைப்புமே பெரும்பாலும் அதற்குப் போதியன. இடிந்த கரையை மீண்டும் எழுப்புதற்கோ பெரும்பொருள் வேண்டும்.