சிமென்டுக்குள் மூச்சுத் திணறும் தில்லி மரங்கள்

புது தில்லி: கடமைப் பாதையில் நாவல், அக்பர் சாலையில் புளி, ஜன்பத்தில் நீர்மருது எனச் சாலைக்கேற்ப மரம் தேர்ந்து உருவாக்கப்பட்ட நகரம் புது தில்லி. தலைநகரின் சாலையோர மரங்களைக் கோடரியைவிட அதிகம் அச்சுறுத்துவது, நடைபாதைச் சீரமைப்பு என்ற பெயரில் அடிமரம்வரை பூசப்படும் சிமென்ட்தான்.

மண் மூடப்படுவதால் வேர்களுக்கு நீரும் காற்றும் கிடைப்பதில்லை. பள்ளம் தோண்டும்போது பிடிமான வேர்கள் அறுபடுகின்றன; பலத்த காற்றில் மரம் சாய்கிறது. இடமின்றித் தவிக்கும் வேர்கள் கற்களைப் பெயர்ப்பதால், முதியோரும் பார்வையற்றோரும் சாலையில் இறங்கி நடக்க நேரிடுகிறது.

சட்டம் இல்லாமல் இல்லை. 1994-ஆம் ஆண்டின் தில்லி மரங்கள் பாதுகாப்புச் சட்டத்தின்படி, மரத்துக்கு எவ்வகையில் சேதம் விளைவித்தாலும் அது வெட்டியதற்குச் சமம். மரங்களைச் சுற்றி ஒரு மீட்டர் அளவுக்குக் கான்கிரீட்டை அகற்றுமாறு தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2013-இல் உத்தரவிட்டது.

ஆனால், சாலைகளின் பொறுப்பு பொதுப்பணித் துறை, மாநகராட்சி, புது தில்லி நகராட்சி மன்றம் எனப் பிரிந்து கிடக்கிறது; மர அலுவலரோ வனத் துறையைச் சேர்ந்தவர். அந்த ஒரு மீட்டர் மண்ணை நடைபாதை ஒப்பந்தத்திலேயே நிபந்தனையாக்கி, மீறும் ஒப்பந்ததாரருக்குப் பணம் வழங்குவதை நிறுத்தினால்தான் உத்தரவு செயல்வடிவம் பெறும்.