முத்துப்பையும் கன்னத்தோலும்

தூத்துக்குடிக் கடலின் முத்துச்சிப்பிப் பார்களில் 1961க்குப் பிறகு முத்துக்குளிப்பு நடக்கவில்லை. ஆனால் 1973இல் பக்கத்து வேப்பலோடையில், மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் கே. அழகர்சாமி, சிப்பிக்குள் உருண்டை முத்தை வளர்த்தே காட்டினார்.

அந்த வித்தையின் உயிர் ஒரு துணுக்குத் திசுவில் இருக்கிறது. ஒரு சிப்பியின் ஓட்டை ஒட்டியிருக்கும் மெல்லிய சதைப்போர்வையில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் சதுரம் வெட்டுகிறார்கள். இன்னொரு சிப்பியின் சினைப்பகுதியைக் கீறி, ஓட்டில் கடைந்த மணியையும் அதைத் தொட்டபடி இந்தத் துண்டையும் வைக்கிறார்கள். துண்டின் மேற்புறச் செல்கள் பெருகி மணியைப் பைபோல மூடுகின்றன. ஓடு கட்டிப் பழகிய செல்கள் அவை. இடம் மாறினாலும் தொழிலை விடுவதில்லை. மணியின்மேல் அடுக்கடுக்காக முத்துப்பூச்சைச் சுரக்கின்றன. துண்டு விலகிப்போனால் மணி வெறும் மணிதான்.

மனிதரின் சிறுநீர்ப் பாதையைச் செப்பனிடுகிறவர்கள் நம்புவதும் செல்களின் இந்தக் குணத்தைத்தான். அடிபட்டோ தொற்றாலோ பாதை தழும்பேறிச் சுருங்கினால், சிறுநீர் கழிப்பதே வேதனை. கீறி அகலப்படுத்தினாலும், உள்தோல் இல்லாத புண்ணில் சிறுநீர் பட்டு மீண்டும் தழும்பேறலாம். அதனால் கன்னத்தின் உட்புறத் தோலை எடுத்து ஒட்டுகிறார்கள். அது ஈரத்துக்குப் பழகியது, முடி முளைக்காதது. ஆனால் நீண்ட அடைப்புக்கு நீண்ட பட்டை வேண்டும். வாய்க்குள் அத்தனை பெரிய புண்.

கொஞ்சம் எடுத்து நிறைய வளர்த்தால் என்ன? அமெரிக்க ஆய்வாளர் அந்தோனி அடாலாவின் குழு நோயாளியின் சிறுநீர்ப்பைச் செல்களையே பெருக்கி, கரையக்கூடிய குழாய்ச் சட்டத்தில் பதித்தது. உட்புறம் உள்தோல் செல், வெளிப்புறம் தசைச் செல். ஐந்து சிறுவர்களுக்கு அதைப் பொருத்திய விவரம் 2011இல் வெளியானது.

நம் ஊர் முயற்சி இன்னும் எளிமையானது. ஹைதராபாத் மருத்துவர்கள் எடுத்த சிறு கன்னத்துண்டுகளிலிருந்து, சென்னை நிச்சி-இன் மீளுருவாக்க மருத்துவ மையம் செல்களை வளர்த்தது. குளிரில் இளகி உடற்சூட்டில் உறையும் கூழில் அவற்றைப் பொதிந்து, உள்நோக்கிக் கருவியால் கீறிய இடத்தில் செலுத்தினார்கள். திறந்த அறுவை இல்லை. ஆறு பேரில் நால்வருக்கு மூன்றாண்டு கழித்தும் சிறுநீர் தடையின்றிப் போனது. இருவருக்கு அடைப்பு திரும்பியது.

ஆறு பேரை வைத்து எதையும் முடிவுகட்ட முடியாது. ஆனாலும் திறந்த அறுவைக்குத் துணியாமல் வருடக்கணக்கில் அவதிப்படுகிறவர்களுக்காக, இதைப் பெரிய அளவில் சோதித்தே ஆக வேண்டும். செலுத்திய செல்களில் எத்தனை ஒட்டி நிலைத்தன என்பதை அந்தச் சோதனை முதலில் சொல்லட்டும்.