றொசல்லயில் இறங்கினால்: மலைநாட்டுச் சபர் பற்றிய சில விளக்கங்கள்

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால் கொழும்பிலிருந்தும் புத்தளத்திலிருந்தும் காத்தான்குடியிலிருந்தும் வேன்கள் மலையேறத் தொடங்கிவிடும். நுவரெலியாவில் ஓர் இரவு, எல்லயில் ஒரு பகல், வழியில் நாலைந்து நீர்வீழ்ச்சிகள், கைத்தொலைபேசி நிறையப் படங்கள். "ட்ரிப் போய் வந்தோம்" என்கிறோம். எமது மூத்தவர்கள் இதற்கு வழங்கிய சொல் "சபர்". சபர் செய்பவர் முஸாபிர். அவருக்குத் தொழுகையிலே சலுகை உண்டு, நோன்பிலே சலுகை உண்டு, வழிப்போக்கருக்கென ஸகாத்திலும் ஒரு பங்கு உண்டு. சலுகை எவ்வளவு உண்டோ அவ்வளவுக்கு ஒழுங்குகளும் உண்டு. ட்ரிப்புக்கும் சபருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் அதுதான்.

நான் றொசல்லயில் கடைக்காரக் குடும்பமொன்றில் பிறந்து வளர்ந்தவன். "ஒங்கட றொசல்லயில பாக்க என்ன ஈக்கிது?" என்று கேட்காத சொந்தக்காரர் இல்லை. வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே சின்னதொரு புகையிரத நிலையம், சுற்றிவரத் தேயிலை, மழை. பெரிய நீர்வீழ்ச்சியோ பூங்காவோ இங்கே இல்லை. ஆனால் இந்த நிலையத்தில் இறங்கி நின்று பார்த்தால் மலைநாடு முழுவதையும் விளங்கிக்கொள்ள ஒரு வழி கிடைக்கும். யார் யார் எதற்காக இந்த மலைகளுக்கு வந்தார்கள் என்பதே அந்த வழி. கேட்டவர்களுக்கெல்லாம் துண்டு துண்டாகச் சொன்னதை இங்கே ஒழுங்காகச் சொல்லப் பார்க்கிறேன்.

கோச்சி ஏன் ஊர்ந்து போகிறது?

மலைநாட்டுப் புகையிரதப் பாதை காட்சி பார்ப்பதற்காகப் போடப்பட்டதல்ல. கோப்பியைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத் தொடங்கியது அது. 1867இல் கண்டிக்கும் 1874இல் நாவலப்பிட்டிக்கும் தண்டவாளம் வந்தது. இதற்கிடையில் 1869இல் தென்பட்ட இலைநோய் கோப்பித் தோட்டங்களை அழிக்கத் தொடங்கிவிட்டது. லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் 1867இல் 19 ஏக்கரில் பயிரிட்டிருந்த தேயிலை அந்த இடத்தைப் பிடித்தது. 1884இல் பாதை ஹட்டனை அடைந்தது, மறு ஆண்டு நானுஓயாவைத் தொட்டது. பதுளைக்குப் போய்ச் சேர்ந்தது 1924இல். தேயிலைப் பெட்டிகள் கீழே போயின. தோட்டங்களுக்கான அரிசி மேலே வந்தது. அந்த அரிசியை விற்ற கடைகளில் கணிசமானவை முஸ்லிம்களுடையவை. எமது ஆட்கள் இந்த மலைக்கு வந்த கதையும் அந்தத் தண்டவாளத்தோடு சேர்ந்ததே.

நாவலப்பிட்டி தாண்டியதும் ஏற்றம் கடுமையாகிறது. மிகச் செங்குத்தான இடங்களில் 44 அடி முன்னே போனால் ஓர் அடி உயரும். புகையிரதத்துக்கு இது பெரிய ஏற்றம். வளைவுகளும் அப்படித்தான். சிலவற்றின் ஆரை 100 மீற்றர் அளவே. ஜன்னலால் பார்த்தால் நீங்கள் ஏறியிருக்கும் கோச்சியின் எஞ்சினே வளைந்து வந்து உங்களுக்கு முகம் காட்டும். ஆகவே வேகத்தை எதிர்பார்க்க வேண்டாம். கொழும்பு கோட்டையிலிருந்து பதுளை வரை சுமார் 290 கிலோமீற்றர். ஒன்பது, பத்து மணித்தியாலம் பிடிக்கும். றொசல்லயைக் கடந்து ஹட்டன் நிலையமும் போனால், கொட்டகலைக்கு முன் சிங்கமலைச் சுரங்கம் வரும். நீளம் அரைக் கிலோமீற்றருக்கு மேல். உள்ளே போனதும் சின்னப் பிள்ளைகள் "ஊ" என்று கத்துவார்கள், பெரியவர்களும் கத்துவதுண்டு.

போக்குவரத்து: சில நடைமுறைகள்

கண்டியில் ஏறுவோர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பதுளைக்குப் போகும் எல்லாக் கோச்சியும் கண்டி நகருக்குள் வருவதில்லை. சில பேராதனைச் சந்தியால் நேரே மலையேறிவிடும். அதேபோல எல்லாக் கோச்சியும் றொசல்லயில் நிற்பதுமில்லை. நிற்காவிட்டால் ஹட்டனில் இறங்கி பஸ்ஸில் அல்லது த்ரீவீலரில் திரும்பி வரலாம்.

ஆசனம் பதிவு செய்த பெட்டிகளுக்கான டிக்கட் விடுமுறைக் காலத்தில் மிக விரைவாக முடிந்துவிடும். மூன்றாம் வகுப்புச் சாதாரண டிக்கட்டை நிலையத்தில் அன்றைக்கே வாங்கலாம். ஆனால் அந்தப் பெட்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் தோட்டத்துத் தாய்க்கும், கண்டிக்குப் படிக்கப் போகும் பிள்ளைக்கும், மரக்கறி மூட்டையோடு ஏறும் வியாபாரிக்கும் உரிய பெட்டி என்பதை மறந்துவிடக் கூடாது. பத்துப் பேர் குடும்பமாக ஏறி ஜன்னலோரம் முழுவதையும் பிடித்துக்கொண்டு, முழங்கால் நோவோடு நிற்கும் கிழவியைக் காணாதது போல வெளியே பார்ப்பது சபரின் ஒழுங்கல்ல. பிள்ளையை மடியில் வைத்தால் ஓர் இடம் மிஞ்சும்.

மிதிபலகையில் தொங்கிப் படம் எடுப்பது இப்போது ஒரு பழக்கமாகிவிட்டது. மலைப்பாதையில் பாறையும் சுரங்கச் சுவரும் பெட்டியிலிருந்து கையெட்டும் தூரத்தில் வரும். வளைவுக்கு அப்பால் என்ன இருக்கிறதென்று தொங்குபவருக்குத் தெரியாது. இதனால் உயிர்கள் போயிருக்கின்றன.

ஹட்டனிலிருந்து பஸ்கள் எல்லாத் திசைக்கும் போகும்: டிக்கோயா, நோர்வூட், பொகவந்தலாவை, மஸ்கெலியா, தலவாக்கலை. தோட்டத்து உள்பாதைகளுக்கு த்ரீவீலர்தான் சரி. ஏறுமுன் கூலியைப் பேசிக்கொள்ளுங்கள். பேசிய பிறகு இறங்கும் இடத்தில் பேரம் பேசாதீர்கள்.

காலநிலை பற்றியும் சொல்ல வேண்டும். வட்டவளை, றொசல்லப் பக்கம் நாட்டிலேயே மிகக் கூடுதலாக மழை பெய்யும் பகுதிகளில் ஒன்று. மே முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவமழை மேற்குச் சரிவில்தான் கொட்டும். ஜனவரி முதல் மார்ச் வரை வெயில் தெளிவாக இருக்கும். கிழக்குச் சரிவிலுள்ள பதுளைப் பக்கம் இதற்கு நேர்மாறு. ஆண்டிறுதியில்தான் அங்கே பெருமழை. பாதையின் உச்சி பட்டிப்பொலவுக்கு அருகே, கடல் மட்டத்திலிருந்து 1,890 மீற்றருக்கு மேல் இருக்கிறது. அங்கே ஒரு சுரங்கம் உண்டு. இந்தப் பக்கம் மழையில் உள்ளே நுழைந்து அந்தப் பக்கம் வெயிலில் வெளியே வருவது சாதாரணமாக நடக்கும். மழைக்காலத்தில் மண்சரிவால் பாதை மூடப்படுவதும் உண்டு என்பதால் புறப்படுமுன் நிலையத்தில் விசாரித்துக்கொள்வது அவசியம்.

தொழுகைக்கு வருவோம். ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா நகரங்களில் பள்ளிவாசல்கள் உண்டு. நீண்ட தூரம் போவோர் லுஹரையும் அஸரையும் சேர்த்துச் சுருக்கித் தொழலாம். தூரம், தங்கும் நாள் பற்றிய சட்டங்களை ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெளிந்துகொண்டு புறப்பட்டால் வழியில் தர்க்கம் வராது. கிப்லா மேற்கிலிருந்து சற்று வடக்காக இருக்கும். மூடுபனியில் சூரியன் தெரியாத நாட்களில் திசைகாட்டியொன்று கையில் இருப்பது நல்லது.

பாவா ஆதம் மலை

ஹட்டனில் இறங்கும் வெளியூராரில் ஒரு பெரும் பகுதியினர் போவது 2,243 மீற்றர் உயரமான அந்த ஒரே மலைக்குத்தான். பௌத்தர்களுக்கு ஸ்ரீபாத, இந்துக்களுக்குச் சிவனொளிபாதமலை, எமக்குப் பாவா ஆதம் மலை. யாத்திரைக் காலம் டிசம்பர்ப் பௌர்ணமியில் தொடங்கி மே மாத வெசாக்கோடு முடியும். மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் போய் அங்கிருந்து படியேற வேண்டும். இரத்தினபுரிப் பாதை இதைவிட நீண்டது, பழையது.

ஆதம் நபி (அலை) அவர்கள் இறங்கிய இடத்தைக் குர்ஆன் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. தப்ரீ முதலிய வரலாற்றாசிரியர்கள் பதிவு செய்த அறிவிப்புகளின் வழியேதான் ஸரந்தீப் மலை முஸ்லிம் உலகெங்கும் அறியப்பட்டது. 1344இல் மாலைதீவிலிருந்து வந்து புத்தளப் பகுதியில் கரையிறங்கிய இப்னு பதூதா, அங்கு தம்மை வரவேற்ற ஆரியச் சக்கரவர்த்தியிடம் வேண்டியதும் இந்த மலையைக் காண்பதற்கான உதவியைத்தான். மன்னர் பல்லக்கும் வழித்துணைக்கு ஆட்களும் தந்தார். யோகிகள் நால்வர், பிராமணர் மூவர், உணவு சுமப்போர் பதினைவர் அதிலே அடங்குவர். ஒரு முஸ்லிம் யாத்திரிகரை இந்து மன்னர் ஒருவர் யோகிகளையும் பிராமணர்களையும் கூட்டி அனுப்பிவைத்த செய்தி, இன்றைக்கு இந்த மலையின் பெயரைச் சொல்லி வாதாடுவோர் யாவரும் வாசிக்க வேண்டிய ஒன்று.

மலையேறுவதற்கு "பாபா" வழி, "மாமா" வழி என இரண்டு பாதைகள் இருந்ததையும், செங்குத்தான பாறையில் பிடித்தேற இரும்புச் சங்கிலிகள் தொங்கியதையும், கடைசிச் சங்கிலிக்குக் கலிமாவின் பெயர் வழங்கியதையும் அவர் எழுதியுள்ளார். அட்டைகளையும் அவர் விடவில்லை. அட்டை கடித்தால் பிழிந்துவிட எலுமிச்சம்பழம் கொண்டு போவார்களாம். இன்றைக்கும் றொசல்லக் கடைகளில் மழைக்காலத்தில் யாராவது "அட்டைக்கு என்ன போடுற?" என்று கேட்டால் தேசிக்காயைத்தான் காட்டுவோம். ஏழு நூற்றாண்டாகியும் வைத்தியம் மாறவில்லை!

பலருக்குத் தெரியாத ஒரு மலை

பாவா ஆதம் மலைக்குப் போவோர் எல்லோரும் கேட்டறியாத இன்னொரு மலை அதே மலைநாட்டில் இருக்கிறது. நோட்டன் பிறிட்ஜ் பக்கத்திலுள்ள சப்தகன்னியர் மலைத்தொடர் அது. 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு, இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஜித்தா நோக்கிப் புறப்பட்ட மார்ட்டினேயர் விமானம், எரிபொருள் நிரப்பக் கொழும்புக்கு இறங்கி வரும் வேளையில் இந்த மலையில் மோதியது. உள்ளே இருந்த 191 பேரும் மரணித்தனர். அவர்களில் 182 பேர் ஹஜ் யாத்திரிகர்கள். விமானம் தான் இருக்கும் இடத்தைப் பற்றிச் செய்த கணிப்பில் நேர்ந்த பிழையே காரணமென விசாரணை கூறியது. ஹஜ்ஜுக்கு மூன்று வாரங்கள்கூட இருக்கவில்லை.

தோட்டத்து மக்கள்தான் கொட்டும் இருட்டில் முதலில் அந்த மலைக்கு ஓடினார்கள் என்று எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். அந்த விமானத்தின் சக்கரமொன்று நோட்டன் பிறிட்ஜில் நினைவுச்சின்னமாக வைக்கப்பட்டுள்ளது. ஹட்டனிலிருந்தும் கினிகத்தேனையிலிருந்தும் அங்கே போகலாம். நீர்வீழ்ச்சி பார்க்க மணிக்கணக்கில் வளைந்து வளைந்து போகும் எமது வேன்கள், அந்த இடத்தில் ஐந்து நிமிடம் நின்று ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போகலாம். இஹ்ராமை நினைத்துப் புறப்பட்டவர்கள் அவர்கள். எங்கள் மண்ணில் அவர்களுடைய சபர் முடிந்தது. அவர்களை நினைக்கும் கடமை முதலில் எமக்கே உரியது.

காட்சிக்குள் வாழ்பவர்கள்

இந்த மலைகளுக்குள் மிகக் கடினமான சபர் செய்து வந்தவர்கள் தோட்டத் தொழிலாளரின் முன்னோர்கள். தமிழகத்துக் கிராமங்களிலிருந்து கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டுவழியே மாத்தளை வரை நடந்தே வந்தார்கள். வழியில் நோயாலும் பசியாலும் மாண்டோர் ஏராளம். காட்டை வெட்டித் தோட்டமாக்கியவர்கள் அவர்களே. 1948ஆம் ஆண்டின் சட்டம் அவர்களை நாடற்றோராக்கியது; 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் குடும்பங்களைக் கடலுக்கு இருபுறமும் பிரித்தது; எஞ்சிய நாடற்றோருக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வர 2003 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாம் "என்ன வடிவான பச்சை!" என்று சொல்லும் அந்தப் பச்சைக்குள் இவ்வளவும் இருக்கிறது.

ஒரு கிலோ தேயிலைத்தூளுக்கு நாலரைக் கிலோ அளவில் பச்சைக் கொழுந்து வேண்டும். அத்தனையும் கையால் பறித்து, முதுகில் சுமந்து, நிறுவைக்குக் கொண்டு வர வேண்டும். அந்த நேரத்தில் பாதையோரம் வேனை நிறுத்தி ஆளுக்கொரு கெமராவோடு இறங்கினால் அவர்களுக்கு எப்படி இருக்கும்? எங்கள் கடைக்கு வரும் ஓர் அம்மா ஒருநாள் சொன்னார்: "போட்டோ புடிக்கிறதுக்கு முன்னுக்கு ஒரு வார்த்த கேட்டா என்ன நாநா? கிழிஞ்ச சட்டையோட எங்க மொகம் எங்கெங்கயோ போவுது." கேட்டால் பெரும்பாலும் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் விட்டுவிட வேண்டியதுதான். லயத்துக்குள் எட்டிப் பார்ப்பது அடுத்தவர் வீட்டுக்குள் எட்டிப் பார்ப்பதற்குச் சமம். அதற்கு எமது மார்க்கத்தில் என்ன சட்டமென்று நான் சொல்லத் தேவையில்லை. பிரியாணிப் பொதியையும் பிளாஸ்டிக் போத்தலையும் தேயிலைக்குள் வீசிவிட்டுப் போகாதீர்கள். மறுநாள் அதைப் பொறுக்குவதும் கொழுந்தெடுக்கும் அதே கைகள்தான்.

இரண்டு நாள் கிடைத்தால்

முதல் நாள் காலையில் நாவலப்பிட்டியிலிருந்து கோச்சியில் றொசல்லக்கோ ஹட்டனுக்கோ வாருங்கள். கோச்சியில் பார்க்க வேண்டிய ஏற்றத்தில் ஒரு நல்ல பகுதி அதற்குள் வந்துவிடும். மதியம் நோட்டன் பிறிட்ஜ், பிறகு மஸ்கெலியா. மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கத்தில் வரட்சியில் நீர் வற்றும்போது, அதற்குள் மூழ்கிய பழைய மஸ்கெலியா நகரின் எச்சங்கள் தலைகாட்டும். மறுநாள் பஸ்ஸில் தலவாக்கலை போனால் டெவன், சென்கிளயர் நீர்வீழ்ச்சிகள் இரண்டும் வீதியோரத்திலேயே தெரியும். மேல் கொத்மலை மின்திட்டத்துக்குப் பிறகு சென்கிளயரில் நீர் முன்போல விழுவதில்லை. ஆசையிருந்தால் நானுஓயாவால் எல்ல வரை போய் 1921இல் கட்டிமுடித்த ஒன்பது வளைவுப் பாலத்தையும் பாருங்கள்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். ஹட்டன், தலவாக்கலை, நாவலப்பிட்டி போன்ற மலைநாட்டு நகரங்களின் முஸ்லிம்கள் எப்போது, எங்கிருந்து வந்தார்கள் என்ற வரலாறு இன்னும் ஒழுங்காக எழுதப்படவில்லை. பள்ளிவாசல் பதிவேடுகளிலும் மையவாடிக் கற்களிலும் பழைய கடைகளின் கணக்குப் புத்தகங்களிலும் அது கிடக்கிறது. எமது பாடசாலைகள் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்து வரும்போது கையில் ஒரு கொப்பியையும் கொடுத்து அனுப்பட்டும். நகரத்துக்கு ஒரு முதியவரைக் கண்டு பேசி நாலு பக்கம் எழுதி வந்தாலே போதும். சொல்லக்கூடியவர்கள் ஒவ்வொருவராகக் குறைந்துகொண்டிருக்கிறார்கள்.