கடைசிப் பறிப்பில்தான் அடுத்த பட்டம் இருக்கிறது

நட்டு ஐந்து மாதம் ஆன கத்தரிக் காட்டில் ஒரே ஒரு செடியைக் கவனமாகப் பார்த்தால் போதும். நுனிக் கொழுந்து வாடித் தொங்கும்; கிள்ளிப் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக ஒரு புழு. காயில் ஊசி குத்தியதுபோல் துளை, துளையின் வாயில் எச்சம். அடி இலையைத் திருப்பினால் வெள்ளை ஈ மாவாகப் பறக்கும். செடியை வேரோடு பிடுங்கினால், வேர் முழுக்க முடிச்சு முடிச்சாக நூற்புழு கட்டிய வீக்கம். தொண்டாமுத்தூரிலிருந்து கிணத்துக்கடவு, உடுமலை வரை காய்கறிப் பண்ணையம் செய்கிறவர்கள் எல்லோருக்கும் இந்தக் காட்சி தெரியும். இந்தக் கட்டத்தில் பெரும்பாலும் இரண்டில் ஒன்று நடக்கிறது. சந்தையில் விலை இருந்தால் இன்னும் காட்டமான மருந்தாக வாங்கி அடித்து நாலு பறிப்பு எடுக்கப் பார்க்கிறோம். விலை இல்லாவிட்டால் தண்ணீரை நிறுத்தி, காட்டை அப்படியே போட்டுவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போகிறோம். இரண்டுமே நஷ்டம் என்பதும், பயிரைத் தொடங்குவதில் காட்டும் அக்கறையை முடிப்பதிலும் காட்டினால்தான் மருந்துச் செலவு குறையும் என்பதும்தான் இந்தக் கட்டுரை சொல்ல வருவது.

முதலில் மருந்தின் கணக்கைப் பார்ப்போம். கத்தரிக் காய்த்துளைப்பானின் முட்டை பொரித்ததும் புழு வெளியே உலவிக்கொண்டிருப்பதில்லை. சில மணி நேரத்திலேயே கொழுந்துக்குள்ளோ காய்க்குள்ளோ புகுந்துவிடுகிறது. புகுந்த பிறகு மேலே தெளிக்கும் மருந்தில் பெரும்பகுதி அதன் உடலைத் தொடுவதே இல்லை. பயிரின் தொடக்கத்தில் பூச்சி ஒரே பருவத்தில் இருக்கும். அப்போது நேரம் பார்த்து அடித்த மருந்து வேலை செய்யும். கடைசி மாதத்திலோ முட்டை, புழு, கூட்டுப்புழு, அந்துப்பூச்சி நான்கும் ஒரே காட்டில் ஒரே நாளில் இருக்கின்றன. இன்று அடித்தால் ஒரு பங்கு சாகும். மீதி அடுத்த வாரம் கிளம்பும். அதே மருந்தைத் திரும்பத் திரும்ப அடிக்கும்போது, தாங்கிப் பிழைத்தவற்றின் வாரிசுகளே காட்டில் பெருகுகின்றன. பொறிவண்டு, சிலந்தி, ஒட்டுண்ணிக் குளவி போன்ற நன்மை செய்பவை முதலில் அழிவதால், அதுவரை அடங்கியிருந்த வெள்ளை ஈயும் சிலந்திப் பேனும் தலைதூக்குகின்றன. ஒரு பூச்சிக்கு அடித்த மருந்து, இன்னொரு பூச்சிக்கு மருந்து வாங்க வைக்கிறது.

இதைவிட முக்கியமானது காத்திருப்புக் காலம். மருந்தடித்த நாளுக்கும் காய் பறிக்கும் நாளுக்கும் இடையே எத்தனை நாள் விட வேண்டும் என்பதை, மருந்தைப் பதிவு செய்யும்போதே மத்திய அரசின் பதிவுக் குழு பயிர்வாரியாக நிர்ணயிக்கிறது. காய்ப்புழுவுக்குப் பரவலாக அடிக்கப்படும் குளோரான்ட்ரானிலிப்ரோல் 18.5 எஸ்.சி. என்ற மருந்துக்குத் தக்காளியில் 3 நாள்; அதே மருந்துக்குக் கத்தரியில் 22 நாள். கத்தரி காய்ப்புக்கு வந்துவிட்டால் நாலைந்து நாளுக்கு ஒரு பறிப்பு உண்டு. 22 நாள் விட்டால் நாலு பறிப்பு போய்விடும், காயும் முற்றிவிடும். எனவே பறிப்பு நடக்கும் கத்தரியில் இந்த மருந்துக்கு இடமே இல்லை என்பதுதான் அந்த எண்ணின் பொருள். தக்காளிக்கு அடித்து மீதியிருக்கிறதே என்று பக்கத்துக் கத்தரிப் பாத்திக்கும் ஒரு டேங்க் அடித்துவிட்டு மூன்றாம் நாள் காயை மார்க்கெட்டுக்கு ஏற்றினால், வாங்கிச் சாப்பிடுகிற குடும்பத்தின் தட்டுக்குத்தான் அது போகிறது. உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகள் மருந்து எச்சத்துக்கு வரம்பு வைத்திருக்கின்றன. ஒரு பயிருக்குத் தனி வரம்பு குறிக்கப்படாத மருந்தென்றால் கிலோவுக்கு 0.01 மில்லிகிராம்தான் எல்லை. காத்திருப்பு நாளை மதிக்காத காய் இந்த வரம்புக்குள் நிற்கும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் கிடையாது.

மருந்தடிக்கிறவரின் உடம்பும் இந்தக் கணக்கில் சேர வேண்டும். 2017-ல் மகாராஷ்டிரத்தின் யவத்மால் மாவட்டத்தில் பருத்திக்கு மருந்தடித்த விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நூற்றுக்கணக்கானோர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்கள். ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்துவிட்ட செடி, பல மருந்துகளைக் கலந்து அடித்தது, பாதுகாப்பு உடை இல்லாதது என்று காரணங்கள் பேசப்பட்டன. நம் ஊர்ப் பாகல், பீர்க்கன், புடலைப் பந்தல்களை நினைத்துப் பாருங்கள். பந்தலுக்கு அடியில் நின்று அண்ணாந்து அடிக்கும்போது, கொடி அடர்ந்த கடைசி மாதத்தில் இலையில் பட்ட மருந்து சொட்டுச் சொட்டாக நெற்றியிலும் கண்ணிலும் கழுத்திலும் விழுகிறது. துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு அடிக்கிறவருக்கு, நனைந்த அந்தத் துண்டே நாள் முழுக்க விஷத்தை உடம்போடு ஒட்டவைத்திருக்கும் ஈரத் துணியாகிவிடுகிறது.

சரி, மருந்தை விட்டுவிட்டுக் காட்டையும் அப்படியே போட்டுவிட்டால் என்ன? அதுவும் தீர்வாகாது. காய்த்துளைப்பான் காய்ந்த சருகிலும் செடிக் கழிவிலும் கூட்டுப்புழுவாக உறங்குகிறது. பாகல், பீர்க்கனைத் தாக்கும் பழ ஈயின் புழு, விழுந்த காயிலிருந்து மண்ணுக்குள் இறங்கிக் கூடு கட்டுகிறது. தக்காளி இலைச்சுருள் நோயில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. காய் பிடித்த பிறகு வந்த இலைச்சுருள் அந்தச் செடியின் விளைச்சலைப் பெரிதாகக் கெடுப்பதில்லை. அதனால் யாரும் பொருட்படுத்துவதில்லை. ஆனால் அந்த நச்சுயிரியை வெள்ளை ஈ சுமந்துகொண்டு போய்ப் பக்கத்துக் காட்டில் பத்து நாள் முன்பு நட்ட நாற்றில் உறிஞ்சினால், அந்த இளஞ்செடி பூவெடுப்பதற்குள் முடங்கிவிடும். ஒருவருடைய முடிந்துபோன பயிர், இன்னொருவருடைய தொடங்கும் பயிருக்கு நோய் அனுப்பும் இடமாகிவிடுகிறது. ஆடிப் பட்டத்துச் செடி கிழடாகி நிற்கும்போதே அடுத்த பட்டத்து நாற்று பக்கத்தில் இறங்குகிற கொங்குப் பகுதியில், இந்தச் சங்கிலி ஆண்டு முழுவதும் அறுவதே இல்லை.

பயிரை முடிப்பது ஊர்ப் பொறுப்பு என்பது புதுக் கருத்தும் இல்லை. நூறாண்டுக்கு முன்பே, 1919-ல், சென்னை மாகாணம் விவசாயப் பூச்சிகள், நோய்கள் சட்டம் என்று ஒன்றை இயற்றியது. கம்போடியாப் பருத்தி விளைந்த மாவட்டங்களில், அறுவடை முடிந்த பழஞ்செடிகளைக் குறித்த தேதிக்குள் பிடுங்கிவிட வேண்டும் என்று உத்தரவிட அந்தச் சட்டம் பயன்பட்டது. இன்று கையில் இருக்கும் மருந்துகள் அன்று கிடையாது. இரண்டு பட்டங்களுக்கு நடுவில் பூச்சிக்குச் சோறு இல்லாத ஓர் இடைவெளியை உண்டாக்குவதுதான் அன்றைய வழி. அந்த யோசனையின் வலு இன்றும் குறையவில்லை.

நம் கண்முன் நடந்த சான்று ஒன்றும் உண்டு. பப்பாளி மாவுப்பூச்சி இந்தியாவில் முதன்முதலாக 2008-ல் கோவையில்தான் கண்டறியப்பட்டது. பப்பாளியோடு நில்லாமல் மல்பெரி, மரவள்ளி, கத்தரி, தக்காளி என்று பரவியது. உடம்பெல்லாம் மெழுகு போர்த்திய பூச்சி அது. மருந்து அடிக்க அடிக்க மீண்டும் மீண்டும் வந்தது. 2010-ல் பெங்களூரில் உள்ள தேசிய வேளாண் பூச்சிகள் பணியகம் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து அசெரோபேகஸ் பப்பாயே என்ற நுண்ணிய ஒட்டுண்ணிக் குளவியை வரவழைத்தது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அதைப் பெருக்கி வயல்களில் விட்டது. கடுகைவிடச் சிறிய அந்தக் குளவி, மருந்தால் முடியாததைச் செய்தது. மருந்தடிக்காமல் விட்ட இடங்களில்தான் அது நிலைகொள்ளும் என்பது நாம் மறக்கக்கூடாத பாடம். கடைசி மாதத்தில் பழக்கத்துக்காக அடிக்கும் ஒவ்வொரு டேங்கும் இப்படிப்பட்ட சம்பளமில்லாத வேலைக்காரர்களைக் கொல்கிறது.

இதற்கு வரும் மறுப்புகள் நியாயமானவை, தட்டிக்கழிக்க முடியாதவை. "விலை ஏறும்போது இருக்கிற செடியைப் பிடுங்கச் சொல்கிறீர்களே, போட்ட முதலை எப்போது எடுப்பது?" என்பது முதல் கேள்வி. நல்ல காய் கொடுக்கும் செடியை யாரும் பிடுங்கச் சொல்லவில்லை. பறிகூலி, மருந்து, அடிகூலி, வண்டி வாடகை, கமிஷன் எல்லாம் போக, சொத்தை கழித்த காய்க்கு என்ன மிஞ்சுகிறது என்று ஒவ்வொரு பறிப்புக்கும் எழுதிப் பாருங்கள். தொடர்ந்து இரண்டு பறிப்பு கையைக் கடித்தால் பயிர் தன் முடிவைச் சொல்லிவிட்டது என்று பொருள். "ஆளே கிடைக்கவில்லை, பிடுங்குவதற்குக் கூலி யார் கொடுப்பது?" என்பது இரண்டாவது. ஏக்கர் முழுவதையும் கையால் பிடுங்க வேண்டியதில்லை. சொத்தைக் காயையும் விழுந்த காயையும் மட்டும் பொறுக்கி எடுத்துவிட்டு, மீதியை ரோட்டவேட்டர் விட்டு மடக்கி உழுதுவிடலாம். எப்படியும் அடுத்த பயிருக்கு உழத்தானே போகிறோம்? அந்த உழவை ஒரு மாதம் முன்னே நகர்த்தினால் போதும்.

"நான் ஒருவன் செய்து என்ன பயன், பக்கத்துக் காட்டுக்காரர் செய்ய வேண்டாமா?" என்பதுதான் மிகக் கனமான கேள்வி. உண்மைதான், வெள்ளை ஈக்கு வரப்பு தெரியாது. காரிபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் இலைச்சுருள் நச்சுயிரி தக்காளி விவசாயத்தையே முடக்கியபோது, 1990-களில் அந்த நாட்டரசு வெள்ளை ஈ வாழும் பயிர்களை ஆண்டில் மூன்று மாதம் பயிரிடக் கூடாது என்று விதித்து, தக்காளியை மீட்டது. நாம் நாடு முழுக்க யோசிக்க வேண்டாம். ஒரே வாய்க்காலில் பாய்கிறவர்கள், ஒரே உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்தில் இருக்கிறவர்கள், ஒரே ஊராட்சிக்காரர்கள் சேர்ந்து பழைய தக்காளியை அழிக்கும் நாளையும் புது நாற்று இறக்கும் நாளையும் பேசி வைக்கலாம். கிராம சபையில் அதைத் தீர்மானமாகக் கொண்டுவர யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஊர் முழுவதும் சேராவிட்டாலும் நஷ்டமில்லை: மண்ணில் உறங்கும் பழ ஈயும், வேரில் இருக்கும் நூற்புழுவும், சருகில் இருக்கும் கூட்டுப்புழுவும் முதலில் தாக்கப்போவது சொந்தக் காட்டைத்தான்.

முடிப்பது எப்படி? வெள்ளை ஈ மொய்க்கும் செடியை நேரே பிடுங்கினால் ஈ கிளம்பிப் பக்கத்துக் காட்டுக்குப் போய்விடும். எனவே முதல் நாள் விடிகாலையில், ஈ சோம்பியிருக்கும் நேரத்தில், வேப்பெண்ணெயும் சோப்பும் கலந்த கரைசலை இலையின் அடிப்புறம் படும்படி அடித்துவிட்டுப் பிறகு செடியில் கை வைக்க வேண்டும். புழு விழுந்த காயை வரப்பில் கொட்டவே கூடாது. பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி ஒரு வாரம் வெயிலில் போட்டால் உள்ளேயே வெந்துவிடும், அல்லது இரண்டடி ஆழத்தில் புதைக்கலாம். ஏழெட்டு இடத்தில் செடியைப் பிடுங்கி வேரைப் பார்ப்பது அவசியம். முடிச்சு இருந்தால் அந்த வேர்களைக் காயவைத்து எரித்துவிட்டு, அந்த நிலத்தில் அடுத்து வெண்டையோ தக்காளியோ வைக்காமல் சோளமோ செண்டுமல்லியோ போடுவது நல்லது. அடுத்த தக்காளியில் 16 வரிசைக்கு ஒரு வரிசை செண்டுமல்லி வைத்தால் காய்ப்புழுத் தாய் அந்துப்பூச்சி அதில் முட்டையிடும். ஏக்கருக்கு 5 இனக்கவர்ச்சிப் பொறி, மஞ்சள் ஒட்டுப்பொறி, 5 சதவீத வேப்பங்கொட்டைச் சாறு ஆகியவை கைக்கெட்டும் முதல் ஆயுதங்கள். மருந்தே வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை. வேண்டியிருந்தால் காய்ப்புக்கு முன்பு, அந்தப் பயிருக்குப் பதிவானதை, சொன்ன அளவில் அடிக்கலாம். பறிப்பு தொடங்கிய பிறகு காத்திருப்பு நாள் குறைந்தது மட்டும்தான்.

மருந்து வாங்கும் இடத்தில் நமக்கு உரிமைகள் இருக்கின்றன. அவற்றைக் கேட்டு வாங்காததால்தான் அவை இல்லாதவைபோல் தெரிகின்றன. 1968-ஆம் ஆண்டு பூச்சிக்கொல்லிச் சட்டத்தின்படி பதிவு செய்யாத மருந்தை விற்கவே கூடாது. புட்டியில் முக்கோணக் குறி இருக்க வேண்டும்: சிவப்பு மிகக் கொடிய விஷம், அடுத்து மஞ்சள், பிறகு நீலம், கடைசியில் பச்சை. உள்ளே வைக்கும் துண்டுத்தாள் வட்டார மொழியிலும் இருக்க வேண்டும்; எந்தப் பயிருக்கு, எவ்வளவு, எத்தனை நாள், விஷம் ஏறினால் என்ன முறிவு என்பதெல்லாம் அதில் இருக்கும். இலையைப் பார்த்துவிட்டுக் கடைக்காரர் மூன்று புட்டியைச் சேர்த்துக் கொடுத்தால், "இந்தப் பயிருக்கு இது பதிவாகியிருக்கிறதா? காட்டுங்கள்" என்று கேட்பது அவமரியாதை ஆகாது. காய்கறியில் மோனோகுரோட்டோபாஸ் 2005-லேயே தடைசெய்யப்பட்டது என்பதும் நினைவில் இருக்கட்டும். பேட்ச் எண் போட்ட பில் இல்லாமல் எதையும் வாங்காதீர்கள். புட்டியையும் துண்டுத்தாளையும் பயிர் முடியும்வரை வைத்திருங்கள். அடிக்கும்போது மயக்கம், வாந்தி, கண் மங்கல் வந்தால் உடனே 108-ஐ அழைத்து, அந்தப் புட்டியோடு மருத்துவமனைக்குப் போக வேண்டும். என்ன விஷம் என்று தெரிந்தால்தான் மருத்துவரால் சரியான முறிவைக் கொடுக்க முடியும்.

மருந்தோ விதையோ போலி என்று சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை அலுவலகத்தில் எழுத்தில் புகார் கொடுங்கள். மாதிரி எடுத்துச் சோதிக்கும் அதிகாரம் பூச்சிமருந்து ஆய்வாளருக்கு உண்டு. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012 ஜனவரியில் தேசிய விதைக் கழக வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குடியிருக்கும் மாவட்டத்திலேயே இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் இல்லை. வழி தெரியாவிட்டால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணும், பயிர் சந்தேகத்துக்கு 1800-180-1551 என்ற கிசான் அழைப்பு மையமும் இருக்கின்றன. பயிர்க் காப்பீட்டில் ஒன்றை அறிந்து வைத்திருப்பது நல்லது: பூச்சி, நோயால் வரும் இழப்பு பகுதியின் சராசரி விளைச்சலை வைத்தே கணக்கிடப்படுகிறது, ஒருவர் காடு மட்டும் அழிந்தால் இழப்பீடு கிடைப்பது அரிது. காப்பீடும் ஊரை ஒன்றாகத்தான் பார்க்கிறது. பூச்சியும் அப்படித்தான் பார்க்கிறது.

வாங்கிச் சாப்பிடுகிற கோவை நகரத்துக்கும் இதில் பங்கு உண்டு. உழவர் சந்தையில் ஒரு காயில் சிறு துளை இருந்தாலே கூடையை ஒதுக்கிவிட்டு, மினுமினுப்பான காயை மட்டும் தேடினால், கடைசி மாதத்து மருந்துக்கு நாமே ஆர்டர் கொடுக்கிறோம். சொத்தைப் பாகத்தை வெட்டி எறிந்துவிட்டுச் சமைக்கலாம். உள்ளே ஊறிய மருந்தை வெட்டி எடுக்க முடியாது. காடு முடியும் நேரத்தில் டேங்கைத் தோளில் ஏற்றுமுன், விவசாயி பில்லைப் புரட்டட்டும், துண்டுத்தாளைப் படிக்கட்டும், ஒரு செடியைப் பிடுங்கி வேரைப் பார்க்கட்டும். அடுத்த பட்டத்தின் மருந்துச் செலவு எவ்வளவு என்பது அந்த வேரிலேயே தெரிந்துவிடும்.