ஓட்டை போட்ட கதைப் புத்தகம்

பக்கத்துக்குப் பக்கம் ஓட்டை விழுந்த புத்தகத்தை யாராவது காசு கொடுத்து வாங்குவார்களா? உலகமெங்கும் வாங்குகிறார்கள், நேயர்களே!

அமெரிக்க ஓவியர் எரிக் கார்ல் ஒருநாள் பஞ்சிங் மெஷினால் காகிதக் கட்டில் துளை போட்டுக்கொண்டிருந்தார். துளையைப் பார்த்ததும் புத்தகம் அரிக்கும் புழு நினைவுக்கு வந்தது. உடனே புழுவை வைத்து ஒரு கதை! அவருடைய பதிப்பாசிரியர்தான் புழுவுக்குப் பதிலாகக் கம்பளிப்பூச்சியைச் சொன்னார். எவ்வளவு நல்ல யோசனை! கடைசிப் பக்கத்தில் வண்ணத்துப்பூச்சி சிறகு விரித்துவிட்டதே.

அதுதான் 1969இல் வந்த 'தி வெரி ஹங்ரி கேட்டர்பில்லர்'. ஆப்பிள், பேரிக்காய், பிளம் என்று அந்தப் பூச்சி தின்ற பழத்திலெல்லாம் நிஜமான துளை. பிள்ளைகள் விரலை விட்டுப் பார்க்கலாம். இப்படித் துளையிட்டு அச்சடிக்க அமெரிக்காவில் செலவு கட்டுப்படியாகவில்லை. முதல் பதிப்பு அச்சானது ஜப்பானில்!