பழைய பெட்டியின் சப்ளை போர்டு

சென்னை ரிச்சி தெருவிலும் அதுபோன்ற கடைவீதிகளிலும் பழைய ஆம்ப்ளிபயரையோ மானிட்டரையோ சகாய விலைக்கு வாங்கி வருகிறவர்களில் பலருடைய மனத்தில் இரண்டு தவறான எண்ணங்கள் வேரூன்றிக் கிடக்கின்றன: பிளக்கைப் பிடுங்கிவிட்டால் பெட்டிக்குள் மின்சாரம் இராது என்பது ஒன்று, பழைய சரக்குக்கு விற்றவர் ஜவாப்தாரி அல்லர் என்பது மற்றொன்று.

முதல் எண்ணம் உயிருக்கே அபாயம். சுவரிலிருந்து வரும் 230 வோல்ட் ஏசி மின்சாரம், எஸ்எம்பிஎஸ் என்னும் சப்ளை போர்டில் நுழைந்ததும் டிசியாக மாறி, ஏறக்குறைய 325 வோல்ட் அளவில் அங்குள்ள பெரிய கண்டென்சரில் தேங்குகிறது. ஒழுங்காக ஓடும் போர்டில், பிளக்கை எடுத்த சற்று நேரத்திற்குள் மற்றப் பாகங்கள் அந்தச் சேமிப்பைச் செலவழித்துவிடும். பழுதாகி நின்றுபோன போர்டிலோ செலவழிக்க ஒன்றும் இல்லாமையால், அதை வடிப்பதற்கென்றே வைக்கப்படும் ரெசிஸ்டரும் கெட்டிருக்குமாயின், கண்டென்சர் நெடுநேரம் அந்த வோல்டேஜைத் தாங்கியபடியே இருக்கும். ஆதலால் ஓடும் போர்டைக் காட்டிலும் ஓடாத போர்டே அதிக ஜாக்கிரதைக்கு உரியது. கண்டென்சரின் இரு முனைகளிலும் ஸ்க்ரூடிரைவரை வைத்துத் தீப்பொறி பறக்கவிடுவதைச் சாமர்த்தியமாகக் கருதுவோர் உண்டு. எனக்கு அது வெறும் அசட்டுத் துணிச்சலாகவே படுகிறது. தக்க வாட் திறனுள்ள ரெசிஸ்டரின் வழியே வடித்து, மீட்டரில் பார்த்து நிச்சயப்படுத்திக்கொண்ட பின்னரே கை வைக்க வேண்டும். மீட்டரும் பழக்கமும் இல்லாதவர் மூடியைக் கழற்றாமல் மெக்கானிக்கிடம் ஒப்படைப்பதே உசிதம்.

மெக்கானிக்கையும் சிறிது கவனிக்க வேண்டும். உள்ளே டயோடோ மாஸ்பெட்டோ ஷார்ட் ஆனதனால் எரிந்த பியூஸுக்குப் பதிலாகச் செப்புக் கம்பியைச் சுற்றித் தருகிறவர், தீவிபத்தைச் சேர்த்தே கட்டிக் கொடுக்கிறார். விஷயம் தெரிந்தவர், மின்சாரம் ஒரு பல்பின் வழியே பெட்டிக்குச் செல்லும்படி சீரிஸ் பல்பு வைத்துப் பார்ப்பார். பல்பு முழுப் பிரகாசத்துடன் எரிந்துகொண்டேயிருந்தால் ஷார்ட் இன்னும் நீங்கவில்லை. உப்பிய கண்டென்சரை மாற்றுகையில் அதே கொள்ளளவும், குறையாத வோல்ட் அளவும், 105 டிகிரி வெப்பத் தரமும் உடையதையே போட வேண்டும். எர்த் பின் வெட்டப்பட்ட ஒயரோடு பெட்டியைத் திரும்பப் பெறவே கூடாது.

இனி இரண்டாவது எண்ணம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், விலை கொடுத்து வாங்கிய பொருளைப் பற்றிப் பேசுகிறதேயன்றி, புதிது பழையது என்று பேதம் பாராட்டவில்லை. ரிப்பேரும் அச்சட்டப்படி ஒரு சேவையே. மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்திற்காகவோ வாங்குவோருக்கு மட்டும் அது உதவாது. பழுதென்று வெளிப்படையாகச் சொல்லி விற்ற பொருளில் அதே பழுதைக் காட்டி வழக்காடுவதும் நியாயமன்று. ஆனால் பில் தர மறுப்பதும், பில்லில் குறித்த காலத்திற்குள், காலம் குறிக்கப்படாவிடில் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப ஏற்க மறுப்பதும் முறையற்ற வணிக நடைமுறைகள் என்று சட்டமே சொல்கிறது.

தேசிய நுகர்வோர் உதவி எண்ணாகிய 1915இல் முதலில் முறையிடலாம். அங்கே தீராவிட்டால், வழக்குக்குக் காரணம் எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் இல்லை, வக்கீல் வைத்தே தீர வேண்டும் என்ற நிர்ப்பந்தமும் இல்லை. அங்கே பேசப்போவது காகிதம்தான். ஆகையால் மாடலும் சீரியல் எண்ணும் ‘ஓடும் நிலையில் விற்கப்பட்டது’ என்ற வாசகமும் பில்லில் இருக்கட்டும். ரிப்பேர் செய்தவரிடமிருந்து, கழற்றிய பழைய பாகங்களையும் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.